எம்ஆர்டி கோப்பிலிருந்து சரியான எண் வரை

இணையத்தின் நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறை பிஜிபி. அதன் ரூட்டிங் டேபிளை, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலை, அலசும் கருவி எழுத உட்காருகிறவர்கள் முதலில் மலைப்பது அதன் அளவைப் பார்த்துத்தான். ஐபிவி4-இல் சுமார் 10 லட்சம் ப்ரிஃபிக்ஸ்கள் (முகவரித் தொகுதிகள்), ஐபிவி6-இல் 2 லட்சத்துக்கும் மேல், அவற்றை அறிவிக்கும் ஏஎஸ் எண்கள் (நெட்வொர்க்குகளின் அடையாள எண்கள்) 75,000-ஐத் தாண்டும். ஆனால் ஒழுங்காக எழுதினால் இவ்வளவும் ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிடும். சிக்கல் இருப்பது வேறு இடத்தில். இந்தத் தரவைத் தவறாகப் படித்தால் நிரல் பெரும்பாலும் நின்றுபோவதில்லை. கடைசி வரை ஓடுகிறது, ஓர் எண்ணைக் கொடுக்கிறது, அந்த எண் நம்பும்படியாகவும் இருக்கிறது. யாராவது அதை ஓர் அறிக்கையில் போட்டுவிடுவார்கள். வேறொருவர் அதை நம்பித் தன் ரவுட்டரில் ஃபில்டரை மாற்றுவார்.

அதனால் இந்த வகைத் திறமூலக் கருவிகளை நான் வேகத்தை வைத்து எடைபோடுவதில்லை. எதைப் படித்தது, எதைப் படிக்காமல் விட்டது, ஒவ்வொரு வரியும் யார் பார்வையில் வந்தது ஆகிய மூன்றையும் கடைசி வரை கைவிடாமல் சொல்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

தரவு வரும் வழி

எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் பெரிய களஞ்சியங்கள் இரண்டு. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸ் ஒன்று, ஆர்ஐபிஇ என்சிசி நடத்தும் ஆர்ஐஎஸ் மற்றொன்று. இரண்டுமே பல இடங்களில் சேகரிப்பான்களை வைத்து, இணைய முன்வரும் நெட்வொர்க்குகளோடு பிஜிபி பேசி, கேட்டதை எம்ஆர்டி என்ற வடிவத்தில் கோப்பாக எழுதி வைக்கின்றன. ரூட்வியூஸ் முழு டேபிளை 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், இடையில் வரும் மாற்றங்களை 15 நிமிடத்துக்கு ஒரு கோப்பாகவும் தருகிறது. அங்கே சுருக்கம் பிஜிப்2. ஆர்ஐஎஸ்ஸில் முழு டேபிள் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, மாற்றங்கள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, சுருக்கம் ஜிஜிப். கோப்புப் பெயரில் உள்ள நேரம் யுடிசி. மாற்றக் கோப்புகளில் அது அந்த இடைவெளியின் தொடக்க நேரம். முடிவு நேரம் என்று எண்ணி இறக்கினால், தேடும் நிகழ்வு இருக்கும் கோப்பை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததை எடுத்து வருவீர்கள்.

ஒரு தடவை இறக்கியதை மறுபடி இறக்காதீர்கள். இரண்டும் பொதுநலனுக்காக நடத்தப்படும் சேவைகள். கருவியிலேயே உள்ளூர் சேமிப்பை இயல்பாக இயங்கும்படி வைத்துவிடுங்கள், பயனர் தேடிப்போய் இயக்க வேண்டிய வசதியாக விடாதீர்கள். பிஜிப்2 கோப்பை விரிப்பதற்கே பார்சர் (கோப்பின் பைட்டுகளைப் பிரித்துப் படிக்கும் நிரல்) ஓடுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஒரே கோப்பைப் பலமுறை படிக்கப்போகிறீர்கள் என்றால் முதல் முறையே எல்பிஜிப்2 போன்ற பல கோர்களைப் பயன்படுத்தும் நிரலால் விரித்து, இசட்ஸ்டாண்டர்டில் மறுபடி சுருக்கி வைத்துக்கொள்வது லாபம்.

பார்சரைப் புதிதாக எழுத வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலும் வேண்டாம். சி மொழியில் பிஜிபிடம்ப் நெடுங்காலமாக இருக்கிறது. அது தரும் செங்குத்துக்கோடு பிரித்த ஒற்றை வரி வடிவம் இத்துறையின் பொதுமொழி ஆகிவிட்டது. பல சேகரிப்பான்களின் தரவை நேர வரிசையில் ஒன்றாக்கித் தர வேண்டுமென்றால் கெய்டா ஆய்வு மையம் உருவாக்கிய பிஜிபிஸ்ட்ரீம். ரஸ்டில் எழுதுகிறவர்களுக்குப் பிஜிபிகிட் பார்சர். பைத்தானில் எம்ஆர்டிபார்ஸ் இருக்கிறது. முழு டேபிளுக்கு அது மெதுவானது, ஆனால் வடிவத்தைக் கற்றுக்கொள்ள அதைப் போன்ற தெளிவான நிரல் கிடைப்பது அரிது. இவற்றில் ஒன்றில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்புவது, எட்டாவதாக ஒரு பார்சர் எழுதுவதைவிட எல்லோருக்கும் பயன். ஆனாலும், வெளியிடாமல், கற்பதற்காக மட்டும் ஒரு சிறு பார்சரை எழுதிப்பாருங்கள். பொறிகள் எங்கே இருக்கின்றன என்பது கையால் எழுதினால்தான் பிடிபடும்.

பைட்டுகளுக்குள் இருக்கும் பொறிகள்

எம்ஆர்டி வடிவத்தை ஆர்எஃப்சி 6396 என்ற இணையத் தர ஆவணம் வரையறுக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் 12 பைட் தலைப்பு: நேரம் 4, வகை 2, துணைவகை 2, நீளம் 4. எல்லாமே பெரிய பைட் முதலில் வரும் வரிசை. முழு டேபிள் என்றால் வகை 13, மாற்றங்கள் என்றால் வகை 16 அல்லது 17. மிகப் பழைய கோப்புகளில் வகை 12-உம் வரும். வகை 17-இல் தலைப்புக்குப் பின் 4 பைட் மைக்ரோவினாடி இருக்கிறது. தலைப்பில் உள்ள நீளம் அந்த 4 பைட்டையும் சேர்த்தது. இதைக் கவனிக்காமல் 4 பைட் கூடுதலாகப் படித்தால் அடுத்த பதிவின் தொடக்கம் நழுவி, அதன்பின் வருவது எல்லாம் குப்பை.

வகை 13 கோப்பின் முதல் பதிவு பியர் பட்டியல். பியர் என்பது சேகரிப்பானோடு பிஜிபி பேசும் ரவுட்டர். பின்னால் வரும் ஒவ்வொரு வழியும் பியரின் முகவரியைச் சொல்லாது, இந்தப் பட்டியலில் எத்தனையாவது ஆள் என்ற 2 பைட் எண்ணை மட்டும் சொல்லும். அதனால் சோதனைக்காகக் கோப்பை வெட்டி எடுக்கும்போது முதல் பதிவை விட்டுவிட்டு நடுவிலிருந்து வெட்டினால் அது செத்த கோப்பு. ஒவ்வொரு பியருக்கும் ஒரு பைட் வகைக்குறி உண்டு: கடைசி பிட் எழுந்திருந்தால் முகவரி 16 பைட், அதற்கு முந்தைய பிட் எழுந்திருந்தால் ஏஎஸ் எண் 4 பைட்.

ப்ரிஃபிக்ஸ் எழுதப்படும் முறையில் ஒரு நுணுக்கம். நீளம் ஒரு பைட், பிறகு தேவையான அளவு பைட்டுகள் மட்டும். /22-க்கு 3 பைட். அந்த மூன்றாவது பைட்டின் கடைசி 2 பிட்டுகளில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், அவற்றுக்குப் பொருளில்லை. மாஸ்க் போட்டுச் சுழியாக்காவிட்டால் ஒரே ப்ரிஃபிக்ஸ் இரண்டாகத் தெரியும். ஐபிவி6-ஐ எழுத்துச் சரமாக ஒப்பிடுவதும் இதே வகைத் தவறு. ஒரே முகவரியைப் பல விதமாக எழுதலாம். உள்ளே எப்போதும் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், வெளியே அச்சிடும்போது மட்டும் ஆர்எஃப்சி 5952 சொல்லும் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள்.

ஒவ்வொரு வழியோடும் எண்ணிட்ட பண்புகள் சில வரும். முழு டேபிளில் ஐபிவி6 வழிகளின் அடுத்த ஹாப் (வழியில் அடுத்த ரவுட்டரின் முகவரி) வரும் பண்பு, எண் 14, தனிக் கதை. சாதாரண பிஜிபி செய்தியில் அது முகவரிக் குடும்பம், துணைக்குடும்பம் என்று தொடங்கும். எம்ஆர்டி முழு டேபிளில் அதைச் சுருக்கி, அடுத்த ஹாப்பின் நீளமும் முகவரியும் மட்டும் எழுத வேண்டும் என்பது விதி. சில மென்பொருள்கள் விதியை மீறி முழு வடிவத்தையே எழுதியிருக்கின்றன. தீர்வு எளிது: முதல் பைட்டைப் பாருங்கள். சுழி என்றால் முழு வடிவம், ஏனென்றால் அடுத்த ஹாப்பின் நீளம் சுழியாக இருக்காது. 16 அல்லது 32 என்றால் சுருங்கிய வடிவம்.

ஏஎஸ் பாதையில், அதாவது வழி கடந்து வந்த ஏஎஸ் எண்களின் வரிசையில், ஒவ்வொரு துண்டுக்கும் வகை ஒரு பைட், எண்ணிக்கை ஒரு பைட். எண்ணிக்கை என்பது ஏஎஸ் எண்களின் எண்ணிக்கை, பைட்டுகளின் எண்ணிக்கை அல்ல. வகை 13-இல் ஒவ்வோர் ஏஎஸ்ஸும் எப்போதும் 4 பைட். வகை 16-இல் துணைவகை 1 என்றால் 2 பைட், 4 என்றால் 4 பைட். 2 பைட் பாதையில் பெரிய எண்களின் இடத்தில் 23456 என்ற நிரப்பி எண் உட்கார்ந்திருக்கும், உண்மை எண்கள் 17-ஆம் பண்பில் இருக்கும். இரண்டையும் ஆர்எஃப்சி 6793 சொன்னபடி சேர்க்க வேண்டும்: பழைய பாதை நீளமாக இருந்தால் அதிகப்படியான முன்பகுதியை மட்டும் அதிலிருந்து எடுத்து, மீதிக்குப் புதிய பாதையை ஒட்டுங்கள். பழையது குட்டையாக இருந்தால் 17-ஆம் பண்பையே ஒதுக்கிவிடுங்கள். சேர்க்க மறந்த கருவியில் 23456 என்பது உலகத்தின் மிகப்பெரிய டிரான்ஸிட் (மற்றவர்களின் போக்குவரத்தைக் கடத்தும்) நெட்வொர்க்குகளில் ஒன்றாகத் தோன்றும்.

ஒரே ப்ரிஃபிக்ஸுக்குப் பல வழிகளை அனுப்பும் ஆட்-பாத் இன்னும் மோசமானது. அதில் ஒவ்வொரு ப்ரிஃபிக்ஸுக்கும் முன்னால் 4 பைட் அடையாள எண் வரும். பதிவில் அது உண்டா இல்லையா என்று சொல்லத் தனித் துணைவகைகளை ஆர்எஃப்சி 8050 கொடுத்திருக்கிறது. பழைய துணைவகையிலேயே ஆட்-பாத் பைட்டுகளைக் கொட்டி வைத்த கோப்பு கையில் கிடைத்தால் என்ன ஆகும்? அடையாள எண் 1, ப்ரிஃபிக்ஸ் 198.51.100.0/24 என்று வைத்துக்கொள்வோம். பைட்டுகள் 0, 0, 0, 1, 24, 198, 51, 100. ஆட்-பாத் தெரியாத பார்சர் இதை 0.0.0.0/0 என்று மூன்று முறை படிக்கும், பிறகு 0.0.0.0/1, அதன்பின் நீளம் 198 என்று வந்து விழும். ஒரே செய்தியில் இயல்பு வழி (0.0.0.0/0) மூன்று முறை வந்தால் அது ரூட்டிங் விபத்து இல்லை, படித்த விதம் தவறு. இதற்கென்று ஒரு சோதனையைப் பார்சருக்குள்ளேயே வையுங்கள்.

தெரியாத வகை வந்தால் தலைப்பில் உள்ள நீளத்தை வைத்துத் தாண்டிச் செல்லலாம். ஆனால் தாண்டியதை எண்ணுங்கள். தெரியாத பண்பு வந்தால் அதன் பைட்டுகளை அப்படியே வைத்திருங்கள். கோப்பு பாதியில் முடிந்தால், எத்தனையாவது பதிவு, எந்த பைட் இடம் என்று பிழை வெளியீட்டில் சொல்லிவிட்டு, சுழியல்லாத வெளியேறு குறியுடன் முடியுங்கள். இறக்கம் பாதியில் அறுந்த கோப்பைப் படித்து, கோப்பு முடிந்தது என்று அமைதியாக வெற்றி சொல்லும் கருவிதான் இந்தத் துறையில் அதிகக் கேடு செய்வது.

டேபிள் என்று ஒன்று கிடையாது

உலக ரூட்டிங் டேபிள் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். கோப்பில் இருப்பது அது இல்லை. ஒவ்வொரு பியரும் தான் தேர்ந்தெடுத்த வழியை மட்டும் சேகரிப்பானுக்குச் சொல்கிறது. பியர் என்பதை ஏஎஸ் எண்ணால் மட்டும் அடையாளம் காணாதீர்கள். ஒரே நெட்வொர்க் ஒரே சேகரிப்பானோடு இரண்டு மூன்று இணைப்பு வைத்திருக்கும். சேகரிப்பான், பியர் முகவரி, பியர் ஏஎஸ் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் சாவி. அதேபோல் இணைய மாற்றக மையங்களில் உறுப்பினர்களுக்கிடையே வழிகளைக் கடத்தும் ரூட் சர்வர் பியராக இருந்தால், பாதையின் முதல் எண் பியரின் ஏஎஸ்ஸாக இருக்காது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நிரலில் கட்டாயப்படுத்தினால் நல்ல வரிகள் உதிர்ந்துபோகும்.

எல்லாப் பியரும் முழு டேபிள் தருவதில்லை. பலர் தங்கள் வாடிக்கையாளர்களின் வழிகளை மட்டும் தருவார்கள். ஒரு ப்ரிஃபிக்ஸ் எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று கணக்கிடும்போது இவர்களையும் வகுக்கும் எண்ணில் சேர்த்தால் நலமாக இருக்கும் ப்ரிஃபிக்ஸ்கூட நோயாளிபோல் தெரியும். முழு டேபிள் தருபவரைப் பிரிக்க, 4 லட்சம், 5 லட்சம் என்று நிலையான எண்ணை நிரலில் எழுதாதீர்கள். டேபிள் வளரும், எண் கிழடாகும். உச்ச எண்ணிக்கையையும் அளவுகோலாக வைக்க வேண்டாம். தன் உள்வழிகளையும் சேர்த்து அனுப்பும் ஒரே ஒரு பியர் அதை உயர்த்திவிடும். அதிகம் தரும் பத்துப் பியர்களின் நடுமதிப்பை எடுத்து, அதில் 80 சதவீதத்துக்கு மேல் தருகிறவரை முழுப் பியர் என்று கொள்வது நெடுநாள் தாங்கும் முறை. ஐபிவி4-க்கும் ஐபிவி6-க்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். வெளியீட்டில் சதவீதத்தை மட்டும் தராமல் எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற இரண்டு எண்ணையும் தாருங்கள்.

நேரத்தோடு டேபிளை நகர்த்துவதற்கு மாற்றக் கோப்புகள். புதிய அறிவிப்பு அதே பியரின் அதே ப்ரிஃபிக்ஸுக்கான பழையதை மாற்றிவிடும். விலக்கல் செய்தியில் பாதையோ மூல ஏஎஸ்ஸோ (ப்ரிஃபிக்ஸை முதலில் அறிவித்த நெட்வொர்க்) இருக்காது. எது விலகியது என்று தெரிய முந்தைய நிலை உங்களிடம் இருக்க வேண்டும். பிஜிபி இணைப்பு அறுந்தால் அந்தப் பியரின் எல்லா வழிகளையும் துடைக்க வேண்டும். நிலைமாற்றப் பதிவில் 6 என்ற (இணைப்பு நிலைத்திருக்கும்) நிலையிலிருந்து வேறெதற்கும் போனால் இணைப்பு விழுந்தது என்று பொருள். துடைக்காவிட்டால் செத்துப்போன வழிகள் உங்கள் கருவிக்குள் மட்டும் உயிரோடு உலவும். அவற்றைக் கண்டுபிடித்து, ரவுட்டர்களில் சிக்கிக்கொண்ட வழிகள் என்று அறிக்கை விடும் நிலைக்கு ஆளாக வேண்டாம். எல்லாச் சேகரிப்பானும் நிலைமாற்றங்களைப் பதிவு செய்வதில்லை. அதனால் அடுத்த முழு டேபிள் வந்ததும் நீங்கள் கட்டிய நிலையோடு ஒப்பிட்டு, எத்தனை வரி மாறுகிறது என்று ஒவ்வொரு முறையும் பதிவு செய்யுங்கள். அந்த எண்தான் உங்கள் கருவியின் நாடித்துடிப்பு.

இணைப்பு மீண்டதும் பியர் முழு டேபிளையும் மறுபடி அனுப்பும். லட்சக்கணக்கான அறிவிப்புகள் சில நிமிடங்களில் வந்து குவியும். இதை ரூட்டிங் கொந்தளிப்பு என்று எச்சரிக்கை அடிக்காமல் இருக்க, ஒரே பியரிடமிருந்து மட்டும் வருகிறதா, பாதைகள் முன்பிருந்தவைதானா என்று பாருங்கள். டேபிள் முடிந்தது என்பதற்கான குறியும் உதவும். ஐபிவி4-இல் அது 23 பைட் நீளமுள்ள வெற்று அப்டேட். அதைப் பிழையான செய்தி என்று தூக்கிப்போடும் பார்சர்கள் உண்டு.

இன்னொன்று: முழு டேபிள் ஒரே கணத்தில் எடுத்த படம் அல்ல. எழுதி முடிக்க நேரம் பிடிக்கும், அதற்குள் வழிகள் மாறிக்கொண்டே இருக்கும். எழுதத் தொடங்கும் முன்பே இருக்கும் மாற்றக் கோப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ப்ரிஃபிக்ஸுக்கும் அதன் பதிவு நேரத்துக்குப் பின் வந்த மாற்றங்களை மட்டும் பொருத்துவதே சரி.

நினைவகமும் ஒரு எளிய அடுக்கும்

10 லட்சம் ப்ரிஃபிக்ஸ், 40 முழுப் பியர் என்றால் 4 கோடி வரி. ஒவ்வொன்றையும் பைத்தான் பொருளாக வைத்து வரிக்கு 500 பைட் போனால் 20 ஜிபி. ஆனால் பாதைகளும் கம்யூனிட்டிகளும் (வழியோடு ஒட்டிய குறிச்சொற்கள்) திரும்பத் திரும்ப அதேதான் வருகின்றன. பண்புத் தொகுப்பை ஒருமுறை மட்டும் சேமித்து அதற்கு 4 பைட் எண் கொடுங்கள். ப்ரிஃபிக்ஸுக்கு 4, பியருக்கு 2, பண்புக்கு 4, ஆக வரிக்கு 10 பைட். மொத்தம் 400 எம்பி. வரிகளுக்கு இவ்வளவு போதும்.

எந்த ப்ரிஃபிக்ஸுக்குள் எது அடங்குகிறது என்று பார்க்க எல்லோரும் உடனே ட்ரை மரத்தைத் (முகவரியின் பிட்டுகளால் கிளைக்கும் தரவு அமைப்பு) தேடுவார்கள். நேரலையாக ஓடும் கருவிக்கு அது தேவைதான். ஒரு கோப்பைப் படித்து முடிவு சொல்லும் கருவிக்குத் தேவையில்லை. முகவரியை முதலாகவும் நீளத்தை இரண்டாவதாகவும் வைத்து வரிசைப்படுத்தினால் பெரியது எப்போதும் தன் குட்டிகளுக்கு முன்னால் வரும். 203.0.113.0/24, பிறகு 203.0.113.0/25, பிறகு 203.0.113.128/25. ஒரு ஸ்டாக்கை வைத்துக்கொண்டு ஒரே நடையில் போங்கள். மேலே இருப்பது இப்போது வந்ததை உள்ளடக்காவிட்டால் எடுத்து எறியுங்கள், உள்ளடக்கும்வரை எறிந்துவிட்டு, வந்ததை மேலே வையுங்கள். வைக்கும் நேரத்தில் அதற்கு நேர் கீழே இருப்பதுதான் நேரடித் தாய். ஸ்டாக் காலியாக இருந்தால் அது வேர். மொத்த முகவரிகளைக் கூட்ட வேர்களை மட்டும் கூட்டினால் போதும், இரட்டை எண்ணிக்கை வராது. அதற்கு முன்னால் ஐபிவி4-இல் /8-ஐவிடப் பெரியவற்றை விலக்குங்கள். யாரோ கசியவிட்ட 0.0.0.0/0 ஒன்று உள்ளே இருந்தால் முழு இணையமும் அதற்குக் குழந்தையாகிவிடும்.

பாதையைக் கையாளும்போது, அடுத்தடுத்து வரும் ஒரே எண்ணை அண்டை நெட்வொர்க் கணக்குக்கு ஒன்றாக மடியுங்கள், நீளக் கணக்குக்கு மடிக்காதீர்கள். இரண்டு வடிவமும் தேவை. பாதைக்குள் அடைப்புக்குறியோடு வரும் ஏஎஸ் தொகுப்பைப் (வரிசையில்லாத ஏஎஸ் எண்களின் கூட்டம்) பிரிக்காமல் எண்ணாக்கப் போய் விழும் சிறு நிரல்கள் ஏராளம். விழுந்தாலாவது தெரியும். கடைசி எண்ணை மட்டும் பிடுங்கி மூல ஏஎஸ் என்று சொல்லும் நிரல் தெரியாமலே பொய் சொல்கிறது.

ஆர்பிகேஐ சேர்க்கும்போது

ஒரு ப்ரிஃபிக்ஸை அறிவிக்க எந்த ஏஎஸ்ஸுக்கு உரிமை என்று சான்றிதழால் உறுதிசெய்யும் அமைப்பு ஆர்பிகேஐ, அந்த உரிமைப் பதிவு ரோவா. அதை வைத்துச் செய்யும் மூலச் சரிபார்ப்பு ஆர்எஃப்சி 6811-இல் இருக்கிறது, படிக்க அரை மணி நேரம் போதும். ஆனாலும் ஒரு தவறு மறுபடி மறுபடி வருகிறது: மிக நீளமாகப் பொருந்தும் ரோவாவை மட்டும் பார்ப்பது. ரூட்டிங்கில் நீளமானது வெல்லும், ரோவாவில் அப்படி இல்லை. ப்ரிஃபிக்ஸை உள்ளடக்கும் எல்லா ரோவாக்களையும் பார்த்து, ஒன்றாவது பொருந்தினால் செல்லுபடி. 203.0.113.0/24-க்கு ஏஎஸ் 64500, உச்ச நீளம் 25 என்று ஒரு ரோவா. 203.0.113.0/25-க்கு ஏஎஸ் 64501 என்று இன்னொன்று. இப்போது 64500 அந்த /25-ஐ அறிவித்தால் நீளமானதை மட்டும் பார்க்கும் கருவி செல்லாது என்னும். சரியான விடை செல்லும்.

பாதையின் கடைசித் துண்டு ஏஎஸ் தொகுப்பாக இருந்தால் மூலமே இல்லை என்று கொள்ள வேண்டும். உள்ளடக்கும் ரோவா இருந்தால் அது செல்லாதது ஆகும். ஏஎஸ் 0 என்று எழுதிய ரோவா எதற்கும் பொருந்தாது. அது இந்த முகவரியை யாரும் அறிவிக்கக்கூடாது என்பதற்கான குறி. ரோவாப் பட்டியலும் டேபிளும் ஒரே நாளைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். இன்றைய பட்டியலைப் போன வருட டேபிளில் பொருத்தினால், அன்று செல்லாததாக இருந்தது எத்தனை என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. நாள்வாரியான பட்டியல்களை ஆர்ஐபிஇ என்சிசி சேமித்து வைத்திருக்கிறது. நேரலைக்கு ரூட்டினேட்டர் அல்லது ஆர்பிகேஐ-கிளையன்ட் என்ற சரிபார்ப்பு நிரலை ஓட்டி, அதன் சிஎஸ்வி வெளியீட்டைப் படித்துக்கொள்ளலாம். நீங்களே சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிரல் எழுத இறங்காதீர்கள்.

2008 பிப்ரவரி 24-ஐச் சோதனையாக வையுங்கள்

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, விடை தெரிந்த ஒரு நாள் வேண்டும். எனக்குப் பிடித்தது யூடியூபின் முகவரிகள் கடத்தப்பட்ட இந்த நாள். யூடியூபின் ஏஎஸ் 36561 அன்று 208.65.152.0/22-ஐ அறிவித்துக்கொண்டிருந்தது. யுடிசி 18:47-க்குப் பாகிஸ்தான் டெலிகாமின் ஏஎஸ் 17557, அதற்குள் அடங்கும் 208.65.153.0/24-ஐ அறிவிக்கிறது, ஏஎஸ் 3491 அதை உலகுக்குக் கடத்துகிறது. 20:07-க்கு யூடியூப் அதே /24-ஐ அறிவிக்கிறது. 20:18-க்கு இரண்டு /25-களை அறிவிக்கிறது. 21:01-க்கு 3491 அந்த வழியைத் திரும்பப் பெறுகிறது.

ஆர்ஐஎஸ்ஸின் அந்த நாள் கோப்புகளை ஓட்டிப் பாருங்கள். ஒரே ப்ரிஃபிக்ஸுக்கு இரண்டு மூல ஏஎஸ் வந்தால் மட்டும் எச்சரிக்கும் கருவி முதல் 80 நிமிடம் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் 20:07 வரை அந்த /24-க்கு மூலம் ஒன்றே ஒன்றுதான். தாய் ப்ரிஃபிக்ஸின் மூலத்தோடு ஒப்பிடும் கருவி 18:47-க்கே பிடித்துவிடும். மேலே சொன்ன ஸ்டாக் நடை எதற்கு என்பது இங்கே தெரியும். 21:01-க்குப் பிறகும் 17557-இன் வழி உங்கள் டேபிளில் ஒட்டிக்கொண்டிருந்தால், விலக்கலைப் படிக்கும் இடத்தில் பிழை இருக்கிறது. கோப்பு பழையது என்பதால் 2 பைட் ஏஎஸ் பாதையும் சேர்ந்தே சோதிக்கப்படுகிறது.

வெளியிடும்போது

உங்கள் நிரலின் நூலகச் செயல்பாடுகளைவிட, வெளியீட்டு வரியின் புலங்களைத்தான் அதிகம் பேர் நம்பி நிரல் எழுதுவார்கள். புலங்களின் வரிசையை மாற்றாதீர்கள். புதியதைக் கடைசியில் மட்டும் சேருங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதன்மைப் பதிப்பு எண்ணை உயர்த்துங்கள். நேரத்தை யுடிசி வினாடி எண்ணாகவே அச்சிடுங்கள். உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் உதவியை யாரும் கேட்கவில்லை.

சோதனைக் கோப்புகளைக் களஞ்சியத்திலேயே வையுங்கள், ஒவ்வொன்றும் 100 கேபிக்குள். பியர் பட்டியலோடு சில நூறு பதிவுகள், ஏஎஸ் தொகுப்பு உள்ள ஒன்று, 17-ஆம் பண்பு உள்ள ஒன்று, ஆட்-பாத் ஒன்று, முழு வடிவ அடுத்த ஹாப் ஒன்று, வேண்டுமென்றே பாதியில் வெட்டியது ஒன்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முழு டேபிளைப் பிஜிபிடம்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்தால் உடனே உங்களுடையதுதான் தவறு என்றோ அதனுடையதுதான் தவறு என்றோ முடிவு செய்யாமல் பைட்டுகளைத் திறந்து பாருங்கள். ஃபஸ்ஸரை (தாறுமாறான உள்ளீடு கொடுத்துச் சோதிக்கும் நிரல்) ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். நீளப் புலங்களில் அது கண்டுபிடிக்கும் ஓட்டைகள் மனிதக் கண்ணுக்குச் சிக்காதவை. எடுத்துக்காட்டுகளில் ஆவணங்களுக்கென்று ஒதுக்கிய முகவரிகளையும் 64496 முதல் 64511 வரையுள்ள ஏஎஸ் எண்களையும் பயன்படுத்துங்கள். யாரோ ஒருவரின் உண்மை நெட்வொர்க் உங்கள் உதவிப் பக்கத்தில் கடத்தல்காரராக நிற்க வேண்டியதில்லை.

ஓட்டம் முடிந்ததும் பிழை வெளியீட்டில் ஒரு வரி: படித்த பதிவுகள், தாண்டியவை வகைவாரியாக, பண்புப் பிழைகள், பியர்கள் எத்தனை, அவர்களில் முழுப் பியர் எத்தனை, முதல் நேரம், கடைசி நேரம். இதை அணைக்கும் விருப்பம் இருக்கலாம், ஆனால் இயல்பில் அச்சிட வேண்டும்.